அந்த மாடிப்படிப் பக்கம் போகாதே

அன்புள்ள தம்பி,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மீதிச் சாமான் எடுக்கப் பழைய ஃபிளாட்டுக்குப் போனவன், மாடிப்படியிலேயே உள்ளங்கை வேர்த்து, வாய் உலர்ந்து திரும்பி வந்துவிட்டேன் என்றாய். "எட்டு மாசமா அந்த மெத் போதைப்பொருளைத் தொடலம்மா. நினைச்சாலே வெறுப்பா இருக்கு. அப்புறம் ஏன் இப்படி?" என்று கேட்டாய். முப்பது வருஷம் மருந்தியல் பாடம் எடுத்தவளுக்குப் பெற்ற பிள்ளை கேட்டதும் வாயடைத்துப் போய்விட்டது. எழுதினால்தான் வருகிறது.

எங்கள் லேபில் ஆக்டோஃபோட்டோமீட்டர் என்று ஒரு பெட்டி இருந்ததே, சின்ன வயசில் வந்து எட்டிப் பார்ப்பாய். உள்ளே எலி ஒளிக்கதிரைத் தாண்டும்போதெல்லாம் எண் ஒன்று கூடும். ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்க மருந்தை ஊசியில் போட்டால் முதல் நாளே வேகமாகச் சுற்றும். அதே அளவை விட்டு விட்டு நாலைந்து தடவை கொடுத்தால், குடிகாரருக்குச் சாராயம் பழகுகிற மாதிரி இதுவும் பழகி அடங்கும் என்றுதானே நினைப்போம்? எண் ஏறிக்கொண்டே போகும். அளவு கூடினால் ஓட்டம் நின்று, ஒரே மூலையில் மோந்து மோந்து தலையை ஆட்டிக்கொண்டிருக்கும். பார்க்கவே பாவமாக இருக்கும். இதற்கு சென்சிடைசேஷன் என்று பெயர். ஊசியை நிறுத்தி ஒரு வருஷம் ஆன பிறகும் எலிகளிடம் இது மிஞ்சியிருந்ததைப் பார்த்திருக்கிறார்கள்.

நீ எடுத்த மெத், அதாவது மெத்தாம்ஃபெட்டமினும் அதே குடும்பம்தான். மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தை வெள்ளமாகத் திறந்துவிடும். அது நரம்பு செல்களில் இருக்கும் டி1, டி2 என்ற ரிசெப்டர்களில், அதாவது ரசாயனச் செய்தியை வாங்கிக்கொள்ளும் இடங்களில், போய் உட்காரும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. குளூட்டமேட் என்ற இன்னொரு மூளை ரசாயனத்துக்கு என்.எம்.டி.ஏ. என்று ஒரு ரிசெப்டர் உண்டு. நாம் எதையும் கற்று மனத்தில் வைப்பதற்குத் தேவையானது. அதை மருந்தால் அடைத்துவிட்டு ஆம்ஃபெட்டமின் கொடுத்தால் எலிக்கு அந்த ஏற்றம் வருவதில்லை. அதாவது மூளை இதையும் ஒரு பாடமாகப் படித்துக்கொள்கிறது, இடத்தோடு சேர்த்து. எலி வாழ்கிற கூண்டிலேயே ஊசி போட்டால் ஏற்றம் குறைவு. வேறு பெட்டிக்குத் தூக்கிப்போய்ப் போட்டால் அதிகம். உனக்கு அந்த மாடிப்படிதான் பெட்டி.

நீ பொய் சொல்கிறாயோ என்று அப்பா முணுமுணுத்தார். நான் விடவில்லை. ராபின்சன், பெரிட்ஜ் என்ற இருவர் 1993-இல் எழுதிய கருத்தைச் சொன்னேன்: பிடிப்பது வேறு, வேண்டும் என்று இழுப்பது வேறு. பிடித்தம் தேய்ந்தாலும் இழுப்பு ஏறும். வெறுப்பாக இருக்கிறது என்று நீ சொன்னதும் உண்மை, கை வேர்த்ததும் உண்மை.

இன்னொன்றும் சொல்கிறேன், கூட்டாமல் குறைக்காமல். நோரா வோல்கோ என்ற மூளை ஆய்வாளரின் குழு 2001-இல், மெத்தாம்ஃபெட்டமினை விட்டவர்களின் மூளையை ஸ்கேன் செய்தது. 12 முதல் 17 மாதம் ஆனவர்களிடம், டோபமைனைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் டிரான்ஸ்போர்ட்டர் என்ற புரதம் தேறி வந்திருந்தது. ஐந்தே பேர்தான். நினைவாற்றல் சோதனைகளில் அந்த அளவுக்கு முன்னேற்றமும் இல்லை. இருந்தாலும் நான் காலண்டரில் மாசத்தை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலில் அப்பா வருகிறார். சாவியை ஸ்டேஷனிலேயே அவரிடம் கொடுத்துவிடு. கீழே ஆட்டோவில்கூட உட்கார்ந்திருக்காதே. மாடிப்படி விஷயத்தை டாக்டரிடமும் சொல். மிக்ஸி, கட்டில் எல்லாம் போனால் போகட்டும். உன் சர்ட்டிஃபிகேட் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று மட்டும் மெசேஜ் போடு, அப்பாவுக்குத் தேடத் தெரியாது.

அம்மா