சர்ஜ் புரொடெக்டர் வாங்கச் சொல்லும் முன் நியூட்ரலைப் பாருங்கள்: செயற்பொறியாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயற்பொறியாளர் (இயக்கமும் பராமரிப்பும்) அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரக் காற்று மழையில் எங்கள் தெருவில் மின்சாரம் போனதும், மறுநாள் விடியற்காலையில் அது திரும்பி வந்த விதமும் தாங்கள் அறிந்தவையே. முறையிடச் சென்ற எங்களுக்குப் பிரிவு அலுவலகத்தில் கிடைத்த பதிலைப் பற்றியே இம்மடல். திடீரென எழும் மின்னழுத்தத்திலிருந்து கருவிகளைக் காக்கும் சர்ஜ் புரொடெக்டரை வீட்டுக்கொன்று வாங்கி மாட்டிக்கொள்ளுமாறு சொல்லி எங்களை அனுப்பிவிட்டார்கள். அதை ஏற்கெனவே வாங்கி மாட்டியிருந்தவர்களும் எங்களோடுதான் நின்றிருந்தார்கள்.

அவர்களில் ஒருவர், கடைசி மின்கம்பத்தை ஒட்டிய வீட்டில், மகளிர் குழுக் கடனில் வாங்கிய கம்ப்யூட்டர் எம்பிராய்டரி இயந்திரத்தைக் கொண்டு ரவிக்கைகளுக்குப் பூவேலை செய்து பிழைக்கும் பெண். ஆவணி முகூர்த்தங்களுக்கான துணிகள் அவர் வீட்டில் குவிந்திருந்தன. மின்சாரம் வந்தபோது சில வீடுகளில் விளக்குகள் கண்கூச எரிந்தன. பக்கத்து வீடுகளிலோ மின்விசிறி சுழலவே திணறியது. இதைக் கேட்ட மாத்திரத்தில் எந்த லைன்மேனும் நியூட்ரல், அதாவது எல்லா வீடுகளுக்கும் பொதுவாக மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி, விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தப் பெண்ணின் வீட்டில் எலக்ட்ரீஷியன் அளந்தபோது 350 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அதற்குள் சர்ஜ் புரொடெக்டர் புகைந்து உருகியிருந்தது. அதன் வழியே மின்சாரம் பெற்ற இயந்திரத்தின் போர்டும் கருகியிருந்தது. ஹை வோல்டேஜில் போனதற்கு வாரண்டி கிடையாது என்று கடையில் கைவிரித்தார்கள். வீட்டுப் பொருளுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று தங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். கல்யாண வீட்டார் வந்து பாதி வேலை முடிந்த துணிகளைத் திருப்பி வாங்கிச் சென்றுவிட்டார்கள். குழுக் கடனின் தவணை மட்டும் எந்தக் காற்று மழைக்கும் நிற்பதில்லை.

தங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப் போவதில்லை. ஆயினும் அந்த அறிவுரையை வழங்கியவர்களுக்காக எழுதுகிறேன். சர்ஜ் புரொடெக்டருக்குள் இருப்பது துத்தநாக ஆக்சைடால் ஆன வேரிஸ்டர் என்னும் சிறு வில்லை. மின்னலாலோ சுவிட்ச் போடுவதாலோ கணநேரம் எழும் மின்னழுத்த உந்துதலைத் தன் வழியே திருப்பிவிடுவதே அதன் வேலை. அதைச் சோதிக்கப் பயன்படும் மின்னோட்ட அலை 8 மைக்ரோவினாடியில் உச்சத்தைத் தொட்டு, 20 மைக்ரோவினாடியில் பாதியாகக் குறைந்துவிடுவது. நம் 230 வோல்ட் இணைப்புக்கான கருவிகளில் பெரும்பாலும் 275 வோல்ட் வரை தொடர்ந்து தாங்கும் வேரிஸ்டரையே வைக்கிறார்கள். நியூட்ரல் அறுந்த தெருவில் ஒரு வீட்டுக்கு 400 வோல்ட்டை நெருங்கும் அழுத்தம், மைக்ரோவினாடிகள் அல்ல, யாராவது வந்து ஃபியூஸைப் பிடுங்கும் வரை பாய்ந்துகொண்டிருக்கும். அதை அந்த வில்லை தாங்க வேண்டும் என்பது தூறலுக்குப் பிடிக்கும் குடையைக் கொண்டு வெள்ளத்தைத் தடுக்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

எரியாமல் தப்பியவற்றின் நிலையும் நம்பத்தக்கதாக இல்லை. ஒவ்வொரு பெரிய உந்துதலும் வேரிஸ்டரைத் தேய்க்கிறது; அளவுமீறிச் சூடானால் உள்ளிருக்கும் ஃபியூஸ் அதைத் துண்டித்துவிடுகிறது. பல கருவிகளில் அதன் பிறகும் பிளக்கில் மின்சாரம் வந்துகொண்டேதான் இருக்கும். பாதுகாப்பு போய்விட்டதை, இருந்தால், ஒரு சிறு விளக்கு அணைந்து தெரிவிக்கும். ஒவ்வொரு மின்தடைக்குப் பின்னும் மேசைக்கு அடியில் குனிந்து அந்த விளக்கைப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இன்று இருப்பது விலை கூடிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டுமே என்று அஞ்சுகிறேன்.

ஆகவே எங்கள் முதன்மையான கோரிக்கை இதுதான். மின்தடைக்குப் பின் இணைப்புக் கொடுக்கும்போது நியூட்ரல் இணைப்புகளைச் சரிபார்த்து, தெருவின் கடைசிக் கம்பத்தில் வோல்ட்டேஜை அளந்த பிறகே ஊழியர்கள் அங்கிருந்து செல்ல வேண்டும். இதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. லைன்மேன் கையில் இருக்கும் டாங் டெஸ்டர் என்னும் அளவைக் கருவியும் சில நிமிடங்களும் போதும். அலுமினியக் கம்பியோடு செம்புக் கம்பியைக் கையால் முறுக்கிவிட்டுப் போகும் வழக்கத்துக்குப் பதிலாக உரிய கிளாம்ப் போட்டால், அந்த இணைப்பு அரித்து விட்டுப்போவதும் குறையும்.

இதையும் நாங்களே செய்துகொள்ள வேண்டுமென்றால் சொல்லிவிடுங்கள். ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர், சர்ஜ் புரொடெக்டர் என்று வாங்கிப் பழகிய நாங்கள், சீட்டுப் போட்டு ஒரு டிரான்ஸ்பார்மரும் வாங்கிக்கொள்கிறோம்; மின்கட்டணத்தை மட்டும் வழக்கம்போல் தங்களிடமே செலுத்திவிடுகிறோம். வோல்ட்டேஜ் புகாரைத் தீர்ப்பதில் ஏற்படும் தாமதத்தை நுகர்வோருக்கு இழப்பீடு தர வேண்டிய குறைகளில் ஒன்றாக 2020ஆம் ஆண்டின் மின்நுகர்வோர் உரிமை விதிகள் குறிப்பிடுகின்றன. அது எழுதப்பட்ட தாள் எந்த அலுவலக அலமாரியில் உறங்குகிறதோ!

சொல் சற்றுக் கடுமையாகிவிட்டது, பொறுத்தருள வேண்டும். நள்ளிரவு மழையில் கம்பம் ஏறும் ஊழியர்கள் மீது எங்களுக்கு வருத்தம் எதுவும் இல்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் எங்கள் தெருவின் நியூட்ரல் இணைப்புகளை ஒருமுறை முழுமையாகச் சோதிக்க ஆணையிடுமாறும், இனி ஒவ்வொரு முறையும் இணைப்புக் கொடுத்ததும் கடைசிக் கம்பத்தில் அளந்த பின்னரே அங்கிருந்து செல்லப் பணிக்குமாறும், எம்பிராய்டரி இயந்திரம் இழந்த பெண்ணின் மனுவுக்கு எழுத்து மூலம் பதில் அளிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தெருவாசிகள் சார்பில் ஒரு மின்நுகர்வோர்