திசு மாதிரியும் பொதுவாகட்டும்

ஆசிரியருக்கு,

பெருநகர மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து புற்றுநோய் ஆய்வில் இறங்கும் செய்தியைப் படித்தேன், மனசு நிறைந்தது. ஜெர்மன் அறிவியலாளர் ஹரால்டு சூர் ஹவுசன் 1983இல் கண்டறிந்த, கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. 16 வைரஸின் மரபணுப் படிகளை மற்ற ஆய்வாளர்களுக்கும் கொடுத்தார். கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி 2006இல் வந்ததற்கு அந்தப் பெரிய மனசும் ஒரு காரணம்.

அம்மாவின் திசுக் கண்ணாடித் தகடுகளைப் பஞ்சில் சுற்றி, கைப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டு இன்னொரு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே பரிசோதனையை முதலிலிருந்து தொடங்கினார்கள். மூன்று வாரம் போய்விட்டது. நோயாளியின் சம்மதத்தோடு பதிவேட்டையும் திசு மாதிரிகளையும் பொதுவாக்குவதே இத்திட்டத்தின் முதல் வேலையாகட்டும். அப்புறம், புறநகரின் சிறிய மருத்துவமனைகளையும் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். பலருக்கு முதல் கட்டி தட்டுப்படுவது அங்கேதான்.