நம் ஊர் மருத்துவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

தலைவர் அவர்களுக்கும், மூத்த உறுப்பினர்களுக்கும், முதன்முறையாகப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் இளம் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

யார் பேசினார், எத்தனை பேர் வந்தார்கள், எந்த மருந்துக் கம்பெனி சாப்பாடு போட்டது என்பதுதான் வழக்கமாக இந்த அறிக்கையில் இருக்கும். இம்முறை அந்தப் பட்டியலைப் பொருளாளர் அறிக்கையோடு இணைத்துவிட்டேன். மொத்தம் எட்டுக் கூட்டங்கள். மே மாதக் கூட்டம் கரண்ட் போய்ப் பாதியில் கலைந்தது. எனக்கு ஒதுக்கிய நேரத்தில் ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்கிறேன். ஜனவரிக் கூட்டத்துக்கு வராதவர்களுக்கு, சங்கத்தில் ஏன் இத்தனை மனத்தாங்கல் என்று அப்போதுதான் விளங்கும்.

நகராட்சித் தூய்மைப் பணியாளர்களுக்கு, ரத்தம் பட்ட ஊசி குத்தினாலும் தொற்றிக் கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் பி நோய்க்குத் தடுப்பூசி போடுவது என்று சென்ற ஏப்ரலில் முடிவெடுத்தோம். குப்பையில் கிடந்து அவர்கள் கையைக் குத்தும் ஊசிகளில் சில நம் கிளினிக்குகளிலிருந்து போனவை. இதை நமக்குள் மறைக்க வேண்டியதில்லை. துளைபடாத வெள்ளை டப்பாவில்தான் ஊசிகளைப் போட வேண்டும் என்று 2016 மருத்துவக் கழிவு விதிகள் சொல்கின்றன. டப்பா எல்லாரிடமும் இருக்கிறது. அதில் ஊசி இருக்கிறதா என்று மே மாதம் நானும் துணைச் செயலாளரும் போய்ப் பார்த்ததில் சிலருக்கு வருத்தம். வருத்தத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்; பார்த்ததற்கு இல்லை.

ஜூன் முதல் ஞாயிறு முதல் தவணை. 46 பேர் வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். ஊசிக்கு முன் கையைக் காட்டச் சொன்னோம். விரலிடுக்கில் சேற்றுப்புண், உள்ளங்கையில் வெடிப்பு. கையுறை கொடுக்கவில்லையா என்று கேட்டால், கொடுத்திருக்கிறார்களாம். ஒரு அம்மா இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினார். ஆண்களின் பெரிய கைக்குத் தைத்த கையுறை. கழன்று விழாமலிருக்க மணிக்கட்டில் சணல் கயிறு சுற்றியிருந்தார். கயிறு அறுத்த தடத்தில்தான் புண்ணே இருந்தது. நாம் களிம்பு எழுதிக் கொடுத்தோம்.

ஜூலையில் இரண்டாம் தவணைக்கு 44 பேர். ஏதோ சாதித்துவிட்டதாகத்தான் நினைத்தோம். போட்டோகூடப் பத்திரிகைக்குப் போனது. டிசம்பரில் மூன்றாம் தவணைக்கு 17 பேர்.

முதலில் எனக்குத் தோன்றியதை ஒளிக்காமல் சொல்கிறேன். "விழிப்புணர்வு போதவில்லை, இவர்களுக்கு அக்கறை இல்லை" என்று அன்று மாலை தலைவரிடம் போனில் சொன்னேன். மறுநாள் என் ஓ.பி.யில் அந்தக் கையுறை அம்மா வந்து உட்கார்ந்தார். சுருக்குப் பைக்குள் பாலிதீன் கவர், அதற்குள் நாம் கொடுத்த மஞ்சள் தடுப்பூசி அட்டை, ஒரு மடிப்புக்கூட இல்லாமல். "கான்ட்ராக்ட்டு மாறிடுச்சு டாக்டர். பழைய ஆளுங்க வேண்டாம்னுட்டாங்க. வேல இல்லாதவங்களும் ஊசிக்கு வரலாமா, இல்ல வேலைல இருக்கறவங்களுக்கு மட்டுமா?"

அக்டோபரில் டெண்டர் கைமாறியிருந்தது. பழைய ஆட்களில் பாதிக்கு மேல் நீக்கம். புதிதாக வந்தவர்கள் ஒரு ஊசிகூடப் போடாதவர்கள். ஆறு மாதத் தவணை போட்டு நாம் ஒரு திட்டம் வகுத்தோம். அவர்களுடைய வேலைக்கு ஆறு மாத உத்தரவாதம்கூட இல்லை. எம்.பி.பி.எஸ். படித்த ஐந்தரை ஆண்டில் கல்லீரலைப் பற்றி எத்தனையோ படித்தேன். டெண்டர் படிவத்தைப் பற்றி ஒரு வரி படித்ததில்லை.

ஜனவரிக் கூட்டத்தில் செயற்குழு வைத்த தீர்மானம் இதுதான்: ஒப்பந்தக்காரர் மாறினாலும் பணியாளர்களைத் தொடர வேண்டும், தடுப்பூசிப் பதிவு அடுத்தவருக்குக் கைமாற்றப்பட வேண்டும், கையுறையும் பூட்ஸும் மூன்று அளவுகளில் வாங்க வேண்டும் என்று டெண்டர் நிபந்தனையிலேயே சேர்க்கும்படி நகராட்சியிடம் மனுக் கொடுப்பது. இதில் சண்டை வரும் என்று நான் நினைக்கவில்லை. வந்தது.

"ஊசி போடுவது நம் வேலை. ஆள் எடுப்பதும் நீக்குவதும் அரசியல். இன்றைக்கு மனு, நாளைக்கு மறியல், அப்புறம் கட்சிக்கொடி" என்றார் சங்கத்தின் நிறுவன உறுப்பினர்களில் ஒருவர். அவரிடம் தொழில் கற்றவன் நான். அவர் கவலையை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்சிக்காரர்கள் நம் முகாம்களில் பேனர் கட்டிய காலத்தைக் கண்டு நொந்தவர் அவர். நம் துணைவிதியில் அந்த வரியை எழுதியவரும் அவர்தான். ஆனால் அந்த வரி "கட்சி அரசியலில் ஈடுபடாது" என்றுதான் சொல்கிறது. "கட்சி" என்ற சொல்லை அடித்துவிட்டு வாசிக்க முடியாதே.

அன்று அதிகம் பேசியவர் நம் மூத்த காது மூக்கு தொண்டை மருத்துவர். தன் துறைக்காரர் என்ற உரிமையில் டாக்டர் டி.எம். நாயரைப் பிடித்துக்கொண்டார். நாயர் என்றால் 1916, நீதிக்கட்சி என்பதோடு நாம் நிறுத்திவிடுகிறோம். அதற்கு முன்பே, 1908இல், ஆலைத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த இந்தியக் கமிஷனில் அவர் உறுப்பினர். வயது வந்த ஆண் தொழிலாளரின் வேலை நேரத்தைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தக் கூடாது என்றது பெரும்பான்மை. நாயர் கையெழுத்தோடு மறுப்புக் குறிப்பும் எழுதிக் கொடுத்தார். 1911 சட்டத்தில் நெசவாலை ஆண்களுக்குப் பன்னிரண்டு மணி நேர வரம்பு வந்தது. "அவரும் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு பீஸ் வாங்கியிருக்கலாம்" என்று முடித்தார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

ஜூலை 30, மருத்துவமனை தினக் கூட்டத்தில் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிக் கேட்டதும் அப்போது பலருக்கு நினைவுக்கு வந்தது. படத்துக்கு மாலை போட்டு, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைச் சொல்லி, லட்டு கொடுத்து முடிக்கிறோம். அது 1954இல் வந்தது. சட்டமன்றத்துக்குள் அவர் போனது 1920களில். தேவதாசி முறைக்கு எதிராக அவர் கிளப்பிய விவாதம் முழுத் தடைச் சட்டமாக முடிந்தது 1947இல். அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் செய்ததை அரசியல் என்பதா, மருத்துவம் என்பதா என்று இளம் மருத்துவர் ஒருவர் கேட்டதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வரவில்லை. அதே இளம் மருத்துவர் 1848இல் மேல் சைலீசியாவுக்கு டைபஸ் கொள்ளைநோயை ஆராயப் போன ஜெர்மன் மருத்துவர் விர்ஹோவையும் இழுத்தார். மருந்து கேட்ட அரசாங்கத்துக்கு அவர் பள்ளிக்கூடமும் சாலையும் சுயாட்சியும் வேண்டும் என்று அறிக்கை கொடுத்த கதை. நேரமாகிவிட்டதால் தலைவர் மணியடித்தார்.

ஓட்டெடுப்பு: ஆதரவு 23, எதிர்ப்பு 11, நடுநிலை 4. இரண்டு உறுப்பினர்கள் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. அவர்கள் வீட்டுக்கு நான் இருமுறை போய் வந்தேன். காபி கிடைத்தது.

மனுவை பிப்ரவரியில் கொடுத்தோம். அதிகாரி நல்லவிதமாக உட்காரவைத்தார். "பாலிசி மேட்டர் டாக்டர், மேலிடத்துல முடிவு பண்ணணும். நீங்க பாட்டுக்கு ஊசியப் போடுங்க, நான் தடுக்கலையே" என்றார். கையுறை அளவு மட்டும் வாய்மொழியாக ஒப்புக்கொள்ளப்பட்டது. மார்ச்சில் சின்ன அளவு இரண்டு பெட்டி வந்ததை நானே பார்த்தேன். மற்ற இரண்டு கோரிக்கைகளும் அப்படியே கிடக்கின்றன. மலக்குழிச் சாவுக்கு இழப்பீட்டைப் பத்து லட்சத்திலிருந்து முப்பது லட்சமாக உச்ச நீதிமன்றம் உயர்த்தியது 2023 அக்டோபரில். நம் மனுவின் பின்னிணைப்பில் அந்தத் தீர்ப்பைச் சேர்த்திருந்தோம். அதைப் புரட்டிய தடயம் இல்லை.

ஆகஸ்ட் விஷயம். கொல்கத்தாவில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டதைக் கண்டித்து, இந்திய மருத்துவச் சங்கத்தின் (ஐ.எம்.ஏ.) அழைப்பின்படி 17ஆம் தேதி காலை ஆறு மணியிலிருந்து 24 மணி நேரம் அவசரச் சிகிச்சை தவிர மற்றதை நிறுத்தினோம். நம் ஊரில் முழு அடைப்பு. நவம்பர் 13இல் கிண்டி மருத்துவமனையில் மருத்துவர் கத்தியால் குத்தப்பட்டபோதும் மறுநாளே கூடினோம். மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் தமிழ்நாட்டின் 48/2008 சட்டத்தை நினைவூட்டித் தீர்மானம் போட்டோம். இரண்டிலும் யாரும் "இது அரசியல்" என்று சொல்லவில்லை. ஜனவரியில் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள்தான் ஆகஸ்டில் முன்வரிசையில் நின்றார்கள். குறை சொல்ல இதை எழுதவில்லை. முன்வரிசையில் நானும் இருந்தேன், "விழிப்புணர்வு போதவில்லை" என்று போனில் சொன்னவனும் நான்தான்.

ஆகஸ்ட் கூட்டத்தில் இரவுப் பணி அறைக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தபோது, ஓரமாக நின்ற ஒப்பந்த செவிலியர் ஒருவர் சொன்னது நடவடிக்கைக் குறிப்பில் ஏறாமல் போய்விட்டது. இங்கே சேர்க்கிறேன்: "உங்க ரூமுக்குத் தாழ்ப்பா இல்ல சார். எங்களுக்கு ரூமே இல்ல." தீர்மானத்தில் செவிலியர் ஓய்வறையும் பிறகு சேர்க்கப்பட்டது.

நீட் பற்றித் தீர்மானம் கொண்டுவர வேண்டும் என்று இரு தரப்பிலும் கடிதம் வந்தது. இரண்டையும் செயற்குழு ஒத்திவைத்தது. கோழைத்தனம் என்று ஒரு கடிதம் சொல்கிறது, மறுக்கத் தெரியவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். தடுப்பூசி வாங்கியதில் சிறு பற்றாக்குறை. அதைத் தலைவர் சொந்தப் பணத்தில் ஈடுகட்டினார், பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை. இவ்வாண்டு மறைந்த இரு மூத்த உறுப்பினர்களுக்கு எழுந்து நின்று அஞ்சலி செலுத்துவோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இரண்டு ஊசி போட்டு மூன்றாவது போடாத 27 பேர் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். கட்டட வேலைக்குப் போயிருக்கலாம், வீட்டு வேலைக்குப் போயிருக்கலாம். காய்ச்சலுக்கோ முதுகு வலிக்கோ உங்கள் ஓ.பி.க்கு வந்தால், மஞ்சள் அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். நாள் தாண்டிவிட்டதென்று முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மூன்றாவதைப் போட்டால் போதும். மருந்து என் கிளினிக் பிரிட்ஜில் இருக்கிறது. போன் செய்தால் பையனிடம் ஐஸ் பெட்டியில் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்