கம்பளிக் காலுறை கொடுத்த பாட்டிக்கு

எல்லாரும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிட்டோம். அமெரிக்காவின் பிட்டர்ரூட் மலையில் பனிமழையில் மாட்டிக்கொண்ட அந்த ராத்திரி என்ன நடந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியும், மறுபடி எழுத இப்போது தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

சிக்னலே இல்லாத மலையில் வண்டியை நிறுத்தி விசாரித்து, கீழே போய்த் தகவல் சொன்ன மர லாரி ஓட்டுநர், பனிமழையில் ஏறி வந்த மீட்புக் குழுத் தன்னார்வலர்கள், காசு வேண்டாம் என்று அறையைத் திறந்துவிட்ட விடுதிப் பெண், ஸ்போக்கேனிலிருந்து விடியுமுன் கிளம்பி வந்த நண்பர்கள், விடாமல் போன் செய்துகொண்டே இருந்த நீங்கள், எல்லாருக்கும் நன்றி.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மீட்புக் குழு வருவதற்கு முன்னால் பழைய பிக்கப் வண்டியில் ஒரு பாட்டி வந்தார். யார், எங்கிருந்து, இந்த நேரத்தில் ஏன் இங்கே என்று எதுவும் கேட்கவில்லை. குழந்தை சாப்பிட்டாளா என்பதுதான் முதல் கேள்வி. மகளின் ஈர ஷூவைக் கழற்றினார், அப்புறம் தன் காலில் இருந்த கம்பளிக் காலுறைகளைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டார், அது அவளுக்குத் தொடை வரை வந்தது. ஒரு டப்பாவிலிருந்து புகையில் உலர்த்திய சால்மன் மீனை எடுத்துக் கிள்ளிக் கிள்ளி ஊட்டினார். அவள் அவசரமாகக் கையை நீட்டியபோதெல்லாம், மெதுவா, மெதுவா என்றார்.

அவர் நெஸ் பெர்ஸ் என்ற அமெரிக்கப் பூர்வகுடி இனத்தவர், அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வதுபோல் நிமிபூ, என்று மீட்புக் குழுவில் ஒருவர் பிறகு சொன்னார். அப்போதுதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாங்கள் போனதே லூயிஸ், கிளார்க் குழு நடந்த வழியைப் பார்க்கத்தானே. 1803ல் பிரான்சிடம் 1.5 கோடி டாலருக்கு லூசியானா நிலப்பரப்பை வாங்கிய அமெரிக்க அதிபர் ஜெபர்சன், அதையும் தாண்டிக் கடல்வரை வழி பார்த்துவர அனுப்பிய குழு அது. 1805 செப்டம்பர் 11ல் பிட்டர்ரூட் மலையில் ஏறத் தொடங்கினார்கள். கூடவே போன பூர்வகுடிப் பெண் சகாகவியாவின் முதுகில் ஏழு மாதக் குழந்தை. வாழ்க்கையில் இப்படி நனைந்து குளிர்ந்ததில்லை என்று 16ஆம் தேதி கிளார்க் எழுதியதை வீட்டில் சாய்ந்து உட்கார்ந்து படித்தேன், ஒன்றுமே புரியாமல். குதிரைக்குட்டியைக் கொன்று தின்று, எலும்பும் தோலுமாக வீயைப் புல்வெளியில் இறங்கியவர்களுக்கு உலர்ந்த சால்மனும் காமாஸ் கிழங்கும் போட்டுக் காப்பாற்றியவர்கள் நிமிபூ மக்கள். பட்டினி வயிற்றில் அள்ளித் தின்று பலரும் நாள்கணக்கில் சுருண்டு கிடந்தார்கள். அந்த "மெதுவா" இன்னும் காதில் கேட்கிறது.

உயிர் கொடுத்த அதே மக்களை 1877ல் ராணுவம் துரத்தியபோது, பிள்ளைகுட்டிகளோடு அவர்கள் தப்பி நடந்ததும் இதே மலையைக் கடக்கும் இந்த லோலோ வழியில்தான். அந்த இடத்தை யாரோ கண்டுபிடித்தார்கள் என்று இனி என் மகளுக்கு ஒருபோதும் சொல்லமாட்டேன்.

பாட்டியின் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன், அதுதான் உறுத்துகிறது. வெறுங்காலை ஷூவுக்குள் நுழைத்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார். ஐடஹோவில் காமியா, கூஸ்கியா ஊர்கள் பக்கம் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் விசாரித்துச் சொல்லுங்கள். ஜூனில், காமாஸ் நீலமாகப் பூக்கும் சமயத்தில், மறுபடி போகிறோம். காலுறைகளைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். தானே கையில் கொடுக்க வேண்டும் என்கிறாள் மகள்.