பட உடுப்பும் எங்கள் தையல் மெசினும்

ஆசிரியர் அவர்களுக்கு,

படம் பார்த்து உடுப்புத் தைக்கிற இளசுகளைத் திட்டி எழுதும் கடிதங்கள் உங்கள் பக்கத்தில் அடிக்கடி வருகின்றன. கல்லடியில் வீட்டோடு தையல் மெசின் வைத்திருப்பவள் நான், எனக்கும் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

இது இந்தக் காலத்துப் பிள்ளைகள் கொண்டுவந்த பழக்கமில்லை. 1985இல் 'பூவே பூச்சூடவா' வந்த பிறகு நதியா கொண்டை, நதியா தோடு, நதியா வளையல் என்று எதை எடுத்தாலும் அந்த நடிகையின் பெயர்தான். அந்தக் கொண்டையோடு கல்யாண ஆல்பத்தில் நிற்கிற அம்மாமார்தான் இன்றைக்கு மகளைப் பார்த்து "என்ன கோலம் இது" என்று கேட்கிறார்கள். என் அம்மாவும் அதில் ஒருவர்.

அப்புறம், பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு எதையும் தைப்பதில்லை. பாட்டுக் காட்சியில் வருகிற மினுக்குச் சட்டையை யாரும் என்னிடம் கேட்டதில்லை. இந்தப் புழுக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் கல்லடிப் பாலம் தாண்ட முடியுமா? ஆனால் 2018இல் '96' வந்தபோது திரிஷா போட்ட மஞ்சள் குர்தாவின் படத்தைப் போனில் காட்டாத பிள்ளை இல்லை. கதையில் பெரும்பகுதி ஒரே இரவு, அவருக்கு அந்த ஒரே உடுப்பு, பிறகு எப்படி மறக்கும்? அதோடு அது யாரும் தைத்துப் போடக்கூடிய சாதாரண உடுப்பு. வந்தவர்கள் அதையும் அப்படியே கேட்கவில்லை. ஒருத்திக்குக் கை முழங்கை தாண்ட வேணும், இன்னொருத்திக்கு ஜீன்ஸ் சரிவராது, பஞ்சாபிக் கால்சட்டைதான் வேணும், ரியூசனுக்கும் போடலாம் என்று ஒரு பிள்ளை கழுத்தை ஏற்றச் சொன்னாள். கடைசியில் படத்தில் இருந்து மிஞ்சியது நிறம் மட்டும்தான், மற்றதெல்லாம் மட்டக்களப்பு.

ஆண்பிள்ளைகள் கதை வேறு. 2016இல் 'கபாலி' வந்த பிறகு, மீன் வியாபாரம் செய்கிற ஒருவரின் மகன் தன் கல்யாணத்துக்கு ரஜினி போட்ட மாதிரிக் கோட் வேணும் என்று வந்து நின்றான். கோட் எனக்குத் தைக்கத் தெரியாது, டவுனுக்கு அனுப்பிவிட்டேன். ஒடுக்கப்பட்ட மக்களுக்காகப் போராடிய அம்பேத்கர் கோட் போட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று அந்தப் படத்தில் கபாலியே பேசுவான். தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு எனக்குக் காட்ட வந்த நாளில் அந்தத் தம்பி முற்றத்தில் நின்ற நிமிர்வைப் பார்த்த எனக்கு, அது வெறும் ரசிகர் பைத்தியம் என்று சொல்ல வாய் வராது.

எனக்குள்ள கவலை ஒன்றுதான். சாறியும் சாரமும் நெய்கிற மருதமுனைத் தறிகளை இவ்வளவு கிட்டத்தில் வைத்துக்கொண்டு, அந்த மஞ்சளுக்கு நாங்கள் எல்லோரும் எங்கிருந்தோ வந்த துணியைத்தான் வாங்கி வெட்டினோம். பிள்ளைகள் ஆசைப்படுகிற நிறத்தில் குர்தாவுக்கு ஏற்ற மெல்லிய துணியை அவர்கள் நெய்து தந்தால் வாங்க நாங்கள் இருக்கிறோம். அடுத்த முறை திட்டி எழுத உட்காருகிறவர்கள் இதைப் பற்றி நாலு வரி எழுதுங்களேன். தீபாவளிக்கு என் போனில் இப்போதே படங்கள் வந்து குவிகின்றன.

இப்படிக்கு,
தையல்காரி ஒருத்தி,
கல்லடி, மட்டக்களப்பு.