ஊறிய ஜவ்வரிசியும் 48 விநாடியும்

ஏற்காடு,
தை 9.

மாப்ளே,

உன் கடிதம் கரிநாள் கழிந்த மறுநாள் வந்தது. பொங்கல் வாழ்த்து அரை வரி, திட்டு ஒன்றரைப் பக்கம். "ஆபரேஷனைப் போய் போன்ல கேம் வெச்சு சொல்லித் தர்றயாமே, நாளைக்கு என் வயித்தைக் கிழிக்க வர்றவன் எந்த லெவல் முடிச்சிருக்கான்னு கேட்டுட்டுத்தான் படுக்கணுமா?" என்று எழுதியிருக்கிறாய். இதை உன் காதில் போட்டது யார் என்று எனக்குத் தெரியும். அஸ்தம்பட்டியில் இருக்கிற உன் தங்கச்சி போன மாதம் இங்கே வந்தபோது, சாப்பாட்டு மேஜையில் கிடந்த ஆபரேஷன் பயிற்சிப் பெட்டியைப் பார்த்து "இதென்னண்ணா, எலிப்பொறியா?" என்று கேட்டது. பொறுமையாக விளக்கினேன். அந்த விளக்கம் புனே வந்து சேர்வதற்குள் இப்படி ஆகியிருக்கிறது.

முதலில் ஊர்ச் சேதி. காப்பிப் பறிப்பு கடைசிச் சுற்று. நாகலூர்ப் பக்கமிருந்து நாலு பேர் வருவார்கள். பொங்கலுக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. பழம் செடியிலேயே கறுத்துக்கொண்டிருக்கிறது. சில்வர் ஓக்கில் ஏற்றிவிட்ட மிளகு பரவாயில்லை. போன வாரம் ராத்திரி ஒரு காட்டு மாடு வேலியைச் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்து, நான் ஆசையாய்ப் போட்ட பீன்ஸை மொத்தமாக மேய்ந்துவிட்டுப் போனது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதிக்கிற கால் வட்டியோடு கணக்குக் கேட்கிறது. அதனால் மாசத்துக்கு ஒரு தடவைதான் இறங்குகிறேன். இந்தப் பெட்டி வேலையில் நான் மாட்டிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் செவ்வாய்ப்பேட்டையில் உங்க அப்பா கொலுசுப் பட்டறையில் போய் உட்காருவோமே, அதை நினைத்துப் பார். உன் கையில் ஊதுகுழலைக் கொடுத்தார். வெள்ளி கொடுத்தாரா? ஆறு மாதம் செம்புக் கம்பியில்தான் பற்றவைக்கிற பொடி வைத்து ஊதச் சொன்னார். கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு மூக்கால் மூச்சு இழுக்க வேண்டும், தீ நாக்கு ஆடக்கூடாது. நீ ஊதினால் ஆடும். அவர் உன்னை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், தீயைப் பார்த்தே "தோளை எறக்குடா" என்பார். இறக்கினால் தீ நிற்கும். "வெள்ளி கெட்டா உருக்கிக்கலாம். இருந்தாலும் இப்போதைக்கு உனக்குக் கிடையாது" என்று வேறு சொல்வார். கெட்டால் உருக்கிக்கொள்கிற பொருளுக்கே ஆறு மாதம். எங்கள் தொழிலில் உருக்கவே முடியாத பொருள் முதல் நாளே கைக்கு வந்துவிட்டது.

வயிற்றில் சின்னத் துளை போட்டு, கேமராவில் பார்த்து ஆபரேஷன் செய்கிற லேப்ராஸ்கோபியை நான் கற்ற கதையை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. மும்பையில் டாக்டர் உத்வாடியா 1990-இல் நம் நாட்டில் முதன்முதலாகத் துளை போட்டுப் பித்தப்பையை எடுத்தார். கோயம்புத்தூரில் டாக்டர் பழனிவேலு அந்த முறையைக் கையில் எடுத்து வளர்த்தார். அடுத்த சில வருஷங்களில் ஆளாளுக்குக் கேமரா வாங்க ஆரம்பித்தார்கள். நான் ஒரு ரெண்டு நாள் வகுப்புக்குப் போனேன், டி.வி.யில் ஆறு ஆபரேஷன் பார்த்தேன், சான்றிதழோடு திரும்பினேன். ஒன்று பார், ஒன்று செய், ஒன்று சொல்லிக்கொடு என்பதுதான் எங்களுக்கு அன்றைக்கு வேதம்.

அதில் என்ன கஷ்டம் என்று கேட்பாய். வயிற்றில் விரல் நுழையாத ஒரு துளை. நீளக் கம்பி மாதிரி இருக்கிற கருவி அந்தத் துளையில் முட்டுக்கொடுத்து நிற்கும். அதனால் கையை வலது பக்கம் கொண்டுபோனால் உள்ளே நுனி இடது பக்கம் போகும். கையைத் தாழ்த்தினால் நுனி மேலே ஏறும். கண் பார்ப்பது வயிற்றை அல்ல, டி.வி.யை. தட்டைப் படத்தில் எது முன்னால், எது பின்னால் என்று பிடிபடாது. விரலுக்கு உணர்ச்சி பாதிதான் எட்டும். பத்து வருஷம் கத்தி பிடித்த கை எனக்கு. அன்றைக்கு அது பச்சைக் குழந்தையின் கை.

அடுத்த மாதமே மேஜையில் ஓர் அம்மா. பித்தப்பையைப் பிடித்து நான் இழுத்த இழுப்பில் அது ஒட்டியிருந்த கல்லீரலிலிருந்து ரத்தம் கசிந்து, கேமராக் கண்ணாடி முழுக்கச் சிவப்பு. மூன்றேகால் மணி நேரம் தடவிவிட்டு, கடைசியில் வயிற்றைத் திறந்துதான் முடித்தேன். பிழைத்துக்கொண்டார். மாம்பழ சீசனில் ஒரு கூடை மல்கோவா கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். என்னால் ஒன்றைக்கூடத் தின்ன முடியவில்லை, நர்ஸுகளிடம் கொடுத்துவிட்டேன். எனக்குச் செம்புக் கம்பி அந்த அம்மாதான், மாப்ளே. அந்த வருஷங்களில் உலகம் பூராவும், வயிற்றைத் திறந்து செய்ததைவிட இந்த முறையில் பித்தநாளம் காயப்படுவது அதிகமாக இருந்தது என்று பின்னால் படித்தேன். படித்ததில் ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை.

நிஜமான செம்புக் கம்பி பிறகு வந்தது. அமெரிக்காவில் 2004-இல் எஃப்.எல்.எஸ். என்று, லேப்ராஸ்கோபியின் அடிப்படைகளைப் பழக்க ஒரு பாடத்திட்டம் தொடங்கினார்கள். ஒரு மூடின பெட்டி, அதற்குள் கேமரா, ஐந்து வேலைகள். முதல் வேலையைக் கேட்டால் சிரிப்பாய். முளை அடித்த பலகையில் ஆறு ரப்பர் துண்டுகள். ஒவ்வொன்றையும் இடது கைக் கருவியால் எடுத்து, அந்தரத்திலேயே வலது கைக்கு மாற்றி, எதிர்ப்பக்கத்து முளையில் மாட்ட வேண்டும். ஆறும் முடிந்ததும் அதே மாதிரி திருப்பிக் கொண்டுவர வேண்டும். கைதேர்ந்தவனுக்கு வைத்திருக்கிற அளவு 48 விநாடி. பிறகு அந்த நாட்டில் சர்ஜன் என்று போர்டு சான்றிதழ் வாங்கவே இதில் தேறியாக வேண்டும் என்று விதி வந்தது. வேறொரு வேலை, துணியில் போட்ட வட்டத்தைக் கோடு தாண்டாமல் வெட்டுவது. நம் தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். பெட்டிக்குள் செய்து பார்த்தால் தெரியும்.

விளையாட்டு என்று நீ இளக்காரமாக எழுதினாயே, அதற்கும் கணக்கு இருக்கிறது. 2002-இல் வெளிவந்த யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் 16 பயிற்சி டாக்டர்களில் பாதிப் பேரைக் கம்ப்யூட்டர் மாதிரியில் பழக்கிவிட்டு, எல்லாரையும் நிஜப் பித்தப்பைக்கு அனுப்பினார்கள். பழகியவர்கள் 29% வேகமாகச் செய்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் கீறவோ தப்பான இடத்தைச் சுடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு இருந்தது. நியூயார்க்கில் டாக்டர் ராசர் குழுவினர் 33 சர்ஜன்களைப் பரிசோதித்து 2007-இல் எழுதினார்கள். ஒரு காலத்தில் வாரம் மூன்று மணி நேரத்துக்கு மேல் வீடியோ கேம் ஆடியிருந்தவர்கள் 37% குறைவாகத் தப்புச் செய்தார்களாம். இதை வைத்துக்கொண்டு உன் பேரன் கையில் போனைக் கொடுத்துவிடாதே. கேம் ஆடியதால் கை தேறியதா, தேறின கைக்காரனுக்குத்தான் கேம் பிடித்ததா என்று அந்த ஆய்விலிருந்து சொல்ல முடியாது. நெதர்லாந்தில் 2015-இல் இதற்கென்றே ஒரு கேம் விட்டார்கள். லேப்ராஸ்கோபிக் கருவி மாதிரியே கைப்பிடி. சுரங்கத்துக்குள் மாட்டிக்கொண்ட குட்டி ரோபோக்களைத் தப்பவைக்க வேண்டும். நம்ம மேக்னசைட் சுரங்கம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

இன்னொன்று. 'ரிமோட்ல அறுக்கிறயா' என்று கேட்டிருக்கிறாய். அது வேறு. டாக்டர் மாரெஸ்கோ நியூயார்க்கில் உட்கார்ந்து, பிரான்சில் ஸ்டிராஸ்பூர்க்கில் படுத்திருந்த ஒருவரின் பித்தப்பையை ரோபோ வைத்து எடுத்தார். நடந்தது 2001 செப்டம்பர் 7. நாலாம் நாள் இரட்டைக் கோபுரம் விழுந்தது, இந்தச் செய்தியை யார் படித்தார்கள்! நான் யாரையும் அறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 9 மணிக்குக் கம்பளி போர்த்திக்கொண்டு வீடியோ பார்க்கிறேன், அவ்வளவுதான்.

ஆத்தூர், மேட்டூர், அரூர்ப் பக்கம் சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கிற 11 இளம் டாக்டர்கள் அனுப்புகிற வீடியோ அது. பெரிய ஊர்ப் பயிற்சிக் கூடத்துக்கு வரலாமென்றால் டூட்டியை விட்டு வர முடியாது. பல லட்ச ரூபாய்க் கருவி அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வரப்போவதும் இல்லை. ஆளுக்கொரு பிளாஸ்டிக் பெட்டி, மேலே ஓட்டை வெட்டி அதில் போன், உள்ளே கொஞ்சம் எல்.இ.டி. விளக்கு, ஆபரேஷன் தியேட்டரில் கழித்துப்போட்ட பழைய கிராஸ்பர், அதாவது நீளமான பிடிக்கும் கருவி, ரெண்டு. வாரம் ஒரு வேலை. எடுத்த வீடியோவை வாட்ஸ்அப்பில் போட வேண்டும். நான் நேரம் குறித்து ரேங்க் போடுவேன். ரேங்க் என்றதும் பிள்ளைகளுக்கு வெறி வந்துவிட்டது. "தினம் அரை மணி நேரம் பழகுங்க" என்று நான் ஆறு மாதம் கெஞ்சினாலும் நடக்காதது, பக்கத்து ஊர்க்காரன் ரெண்டு விநாடி முந்திவிட்டான் என்றதும் நடந்தது.

வம்பும் அதிலேதான் முளைத்தது. ஒரு பையன் மூன்றாவது வாரமே 41 விநாடியில் ரப்பர் துண்டுகளை முடித்துவிட்டான். குழுவில் ஒரே கைதட்டல். எனக்கு மட்டும் அவன் எடுக்கிற விதம் பிடிக்கவில்லை. காக்காய் வடையைக் கொத்துகிற மாதிரி. மறுவாரம் நம்ம ஊர்ச் சரக்கை இறக்கினேன். நாலு மணி நேரம் ஊறவைத்த ஜவ்வரிசி மணிகள், எண்ணி 20. ஒரு கிண்ணத்திலிருந்து அடுத்த கிண்ணத்துக்கு, நசுங்காமல். குடலைப் பிடிக்கிற பக்குவத்துக்கு அதைவிட நல்ல பொருள் எனக்குத் தோன்றவில்லை. அப்போதும் அவன்தான் முதலில் முடித்தான். 20-இல் 13 கூழ். "தம்பி, பாயசம் வெச்சிட்டயே" என்றேன். "சார், ரூல்ல டைம் மட்டுந்தானே போட்டிருந்தீங்க?" என்றான். வாயடைத்துப் போனேன். பையன் மேல் தப்பில்லை. நான் நேரத்தை எண்ணினேன், அவன் நேரத்தைக் கொடுத்தான். இப்போது நசுங்குகிற ஒவ்வொரு மணிக்கும் 10 விநாடி அபராதம். பையன் ஒரே வாரத்தில் ஏழாம் இடத்துக்கு வந்து, ஒரு மாதம் உர்ரென்று இருந்து, இப்போது நிதானமாகி வருகிறான்.

உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்தது அவனைப் பற்றி அல்ல, பட்டியலின் அடுத்த முனையைப் பற்றி. ஒரு பெண் டாக்டர். ஐந்து வாரமும் கடைசி. ஆறாவது வாரம் வீடியோவே வரவில்லை. போன் போட்டேன். முதலில் "டூட்டி சார்" என்றது. கொஞ்ச நேரம் கழித்து, "என் பேரு கடைசில இருக்கிறதை வாராவாரம் பத்துப் பேர் பார்க்கிறாங்க சார்" என்றது. நான் ஏன் அதை யோசிக்கவில்லை? முதல் மூன்று பேருக்கு உற்சாகம் கொடுக்கப் பட்டியல் போட்டேன். அது எட்டுப் பேரைப் பெட்டியிலிருந்து விரட்டுகிறது என்று தோன்றவே இல்லை.

"சரி, பெட்டிக்குள்ள எடுக்க வேண்டாம். யார் கையிலயாவது போனைக் குடுத்து நீ நிக்கிறதை எடுத்து அனுப்பும்மா" என்றேன். வந்தது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. மேஜை அந்தப் பெண்ணின் உயரத்துக்கு ஏழெட்டு அங்குலம் அதிகம். தோள் ரெண்டும் காதைத் தொடுகிறது. அப்படி நின்றால் அஞ்சு நிமிஷத்தில் கை நடுங்காமல் என்ன செய்யும்? "தோளை எறக்கும்மா" என்றேன். என் வாயிலிருந்து வந்தது உங்க அப்பா குரல். காலுக்கடியில் செங்கல் அடுக்கிப் பலகை போட்டு நிற்கச் சொன்னேன். மறுவாரமே அரை நிமிஷம் குறைந்தது.

டொரோன்டோ டாக்டர்கள் சிலர் ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா நாட்டு சர்ஜன்களுக்கு ஸ்கைப் வழியாக இதே எஃப்.எல்.எஸ். பாடத்தைச் சொல்லிக்கொடுத்து, 2010-இல் அதை எழுதினார்கள். ரெண்டு பிரிவு. பெட்டி ரெண்டு பிரிவுக்கும் ஒன்றேதான். ஒரு பிரிவை டொரோன்டோவிலிருந்து ஒருவர் பார்த்துத் திருத்திக்கொண்டிருந்தார். இன்னொரு பிரிவு தானாகவே பழகியது. பார்க்க ஆள் இருந்தவர்கள் அத்தனை பேரும் தேறினார்கள். தானாகப் பழகியவர்களில் 38% பேர்தான். இதை முன்பே படித்திருந்தும், அந்தப் பெண்ணின் தோளைப் பார்க்கிறவரை எனக்கு அதன் அர்த்தம் ஏறவில்லை. பெட்டி வெறும் பெட்டிதான். போட்டி அவர்களைப் பெட்டிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. அதற்கு மேல் தீயைப் பார்க்கிற ஒருவர் வேண்டியிருக்கிறது.

இப்போது பட்டியலை எடுத்துவிட்டேன். அவரவருக்கு அவரவர் போன வார நேரம் மட்டும் போகும். ரெண்டு பேர் சப்பென்று ஆகிவிட்டது என்று முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

பெட்டி கற்றுத்தராததும் உண்டு. 'இனி துளை வேண்டாம், திறந்துவிடலாம்' என்று கையை எடுக்கிற நேரம் எது என்பதை எந்த விளையாட்டிலும் வைக்க முடியவில்லை. அன்றைக்கு நான் மூன்றேகால் மணி நேரம் தடவினேனே, ஒரு மணி நேரத்திலேயே திறந்திருக்க வேண்டும். அதை வாயால் சொல்லத்தான் முடிகிறது. எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், மல்கோவா உட்பட.

போன ஞாயிறு இங்கே காற்றும் மழைத் தூறலும், கரண்ட் போய்விட்டது. வீடியோ ஒன்றும் வரவில்லை என்று படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் அந்தப் பெண் விடியற்காலை 4 மணிக்கு அனுப்பியிருக்கிறது, நைட் டூட்டிக்கு நடுவில். ஜவ்வரிசி 20. பின்னால் ஒரு நர்ஸம்மா சத்தமாக எண்ணுகிறார், "பதினெட்டு... பத்தொம்பது... மெதுவா டாக்டர்..." ஒன்றுகூட நசுங்கவில்லை. நேரம் பார்த்தால் இன்னும் எட்டாவது இடம்தான். நீ படுக்கிறதற்கு முன்னால் எதையாவது கேட்டே தீருவாய் என்றால், எத்தனை ஜவ்வரிசி நசுங்கியது என்று கேள்.

ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வருவாய்தானே? வரும்போது உங்க அப்பாவின் சாமணத்தை மறக்காமல் எடுத்துவா. நுனி தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருக்குமே, அதுதான். அந்த 41 விநாடிப் பையனிடம் ஒரு நாள் கொடுத்து ஜவ்வரிசி எடுக்கச் சொல்லிப் பார்க்கணும். பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுகிறேன். உன் தங்கச்சியிடமும் சொல்லிவிடு, எலிப்பொறியில் இதுவரைக்கும் எலி ஒன்றும் விழவில்லை.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்