படகோட்டி கையில் கட்ட வேண்டிய கயிறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் மஸ்கட்டில் ஆறு வருடம் படகு இன்ஜின் வேலை. அது தெரிந்து, போன மாதம் ஓசூர்க்காரர் ஒருவர் பழைய ஜெட் ஸ்கீயை (தண்ணீரில் ஓட்டும் பைக் மாதிரி வண்டி) மினி லாரியில் கொண்டுவந்து இறக்கினார். கடலே இல்லாத ஊரில் இது எதற்கென்று தெருவே வேடிக்கை பார்த்தது.

இன்ஜின் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதை நிறுத்த ஹேண்டில்பாரில் ஒரே ஒரு பொத்தான். ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் அதை யார் அமுக்குவது? அந்த மாடலுக்கு நியூட்ரலும் கிடையாது. ஆக்சிலேட்டரை விட்டாலும் மெல்ல நகர்ந்துகொண்டே போகும்.

கயிறு வைத்த கில் சுவிட்ச் மாட்டினேன். கயிற்றின் ஒரு முனை ஓட்டுபவர் மணிக்கட்டில், மறுமுனைக் கிளிப் சுவிட்சில். ஆள் விழுந்தால் கிளிப் பிடுங்கிக்கொள்ளும், ஸ்டாப் ஒயர் எர்த் ஆகி ஸ்பார்க் நின்று இன்ஜின் அணைந்துவிடும். நேர்மாறாக வேலை செய்யும் சுவிட்சும் உண்டு. முதலில் நான் வாங்கிவந்தது அதைத்தான். கிளிப் போட்டால் வண்டி அணைந்தது! மாற்றி வாங்கி, ஹோஸில் தண்ணீர் கொடுத்து ஓடவிட்டுக் கயிற்றை இழுத்துப் பார்த்த பிறகே ஒப்படைத்தேன்.

அடுத்த ஞாயிறு பேரனோடு பக்கத்தில் ஓர் ஏரிக்குப் போய் மோட்டார் படகில் ஏறினேன். அந்த இன்ஜினிலும் இதே சிவப்புச் சுருள் கயிறு. ஆனால் அதை இன்ஜின் கைப்பிடியிலேயே சுற்றி வைத்திருந்தார்கள். கேட்டதற்கு, "எழுந்து நகர்ந்தாலே ஆஃப் ஆயிடுது சார், ஒரே இடைஞ்சல்" என்றார் படகோட்டி. அதற்குத்தானே அந்தக் கயிறு! படகைத் திருப்பும் அந்தக் கைப்பிடியை விட்டு ஓட்டுபவர் விழுந்தால் இன்ஜின் ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும். படகு வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே புரொப்பல்லரோடு வரும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைவான மோட்டார் படகு வேகமெடுத்தால் ஓட்டுபவர் இதை மாட்டியிருக்க வேண்டும் என்பது 2021 ஏப்ரல் முதல் சட்டம். இங்கே வீட்டு ட்ரெட்மில்லுக்கே இப்படி ஒரு கயிறு வருகிறது.

லைஃப் ஜாக்கெட் போடாமல் பயணிகளை ஏற்றுவதில்லை, நல்லது. அதேபோல் ஓட்டுபவர் கயிறு கட்டாமல் படகு கிளம்பக் கூடாது என்று ஆடிப்பெருக்குக் கூட்டம் வருவதற்குள் மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டும். படகுக்கு ஒரு உபரிக் கயிறும் வேண்டும். ஓட்டுபவர் கயிற்றோடு விழுந்துவிட்டால், கிளிப் இல்லாமல் மற்றவர்கள் இன்ஜினைக் கிளப்பி அவரிடம் போக முடியாது.

இப்படிக்கு,
ஒரு மெக்கானிக்,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி